கீறல் முட்டை

இதை எழுதும்போது எனக்குச் சோர்வாக இருக்கிறது. அதை முதலில் பதிவு செய்கிறேன். மணி மாலை ஐந்தே கால். காலை எட்டு மணியிலிருந்து வேலை செய்திருக்கிறேன். கண் எரிகிறது. முந்தைய மூன்று வரிகளுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆகவே இதில் உள்ளதை நம்பலாம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

என் பெயர் மேகலா. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் உள்ள ஒரு கோழித் தீவன ஆலையில் ஆய்வக உதவியாளர். மாலை ஆறு முதல் எட்டரை வரை பாலிடெக்னிக்கில் மாலை நேர டிப்ளமோ. அங்கே அருள்தாஸ் சார் எங்களுக்கு அளவியல் எடுக்கிறார். ஒவ்வொருவரும் தினமும் குறிப்பேடு எழுத வேண்டும் என்பது அவர் விதி. அதில் இன்னொரு விதியும் உண்டு.

"தப்ப ரப்பர் போட்டு அழிக்காதீங்க. ஒத்தக் கோடு போட்டு அடிங்க. என்ன தப்பு பண்ணினீங்கன்னு அடியில தெரியணும். அடித்தல் இல்லாத நோட்டப் பாத்தா எனக்குப் பயமா இருக்கும்."

என் ஜனவரி மாத நோட்டைப் பார்த்தால் அவருக்குப் பயமே வந்திருக்காது. ஒரு பக்கத்துக்குப் பத்து அடித்தல். உதாரணத்துக்கு ஒன்று:

"ஜனவரி 18. வகுப்புச் செய்முறை: கை எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்று அளத்தல். ஒருவர் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட வேண்டும். மற்றவர் விரல்களால் பிடிக்க வேண்டும். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தார் என்று குறிக்க வேண்டும். அப்பா: 17, 19, 18. நான்: 20, 22 (அடித்தல்) 21, 19. அம்மா கேட்டார், ஆனால் மாவு கையோடு இருந்ததால் செய்யவில்லை. ஸ்கேல் நேராக இருந்ததா என்று சந்தேகம். நாளை திரும்பச் செய்ய வேண்டும். ரொம்பத் தூக்கம் வருகிறது."

நாளை திரும்பச் செய்யவில்லை. தூங்கிவிட்டேன்.

அப்பா பெயர் ராசப்பன். முட்டை லாரி ஓட்டுகிறார். வயது ஐம்பத்தெட்டு. இங்கிருந்து முட்டை ஏற்றி, பாலக்காடு வழியாகக் கொச்சி. ஒரு நடைக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கப் படுத்திருப்பார். அம்மா அவரை எழுப்பிச் சோறு போடுவார். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுப்பார். எங்கள் வீட்டில் மூவரும் எப்போதும் களைத்திருந்தோம். அது எங்களுக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி எங்கள் ஆலையின் சோதனைக் கோழிப் பண்ணையில், நான்காம் எண் ஷெட்டில், அயரா தீவனம் தொடங்கியது.

அயரா என்பது ஒரு கடல் பாசியிலிருந்து எடுத்த தூள். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் எல்லாம் வழக்கம்போல. அதோடு ஒரு டன்னுக்கு இரண்டு கிலோ அயரா. தரப்பிரிவு மேனேஜர் குமரேசன் சார் முதல் நாள் எங்களுக்கு விளக்கினார்.

"ஒரு முட்டை ஓட்டுக்கு ரெண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேணும். கோழி தின்ற தீவனத்துல இருந்து கொஞ்சம் எடுக்கும். பத்தலைன்னா சொந்த எலும்புல இருந்து எடுக்கும். எலும்பு ரொம்பக் கரைஞ்சா அதுக்கு அலுப்பு வரும். உக்காந்துக்கும். பத்து நாள் முட்டை போடாது. நமக்கு அதான் நஷ்டம். அயரா குடுத்தா உக்காராது."

"அப்ப எலும்புங்க சார்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் சத்து கூட்டிக் குடுக்கறமே."

நோட்டில் இந்தக் கேள்வியை எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். முட்டாள்தனமான கேள்வியோ என்று வெட்கமாக இருந்திருக்கும். கோட்டுக்கு அடியில் இப்போதும் தெளிவாகத் தெரிகிறது.

என் வேலை இது: மூன்றாம் ஷெட் சாதாரணத் தீவனம், நான்காம் ஷெட் அயரா. தினமும் ஒவ்வொன்றிலிருந்தும் முப்பது முட்டை எடுப்பேன். எடை, ஓட்டின் கனம், மஞ்சள் கருவின் நிறம், இரும்புச் சத்து, மஞ்சள் கருவில் அயரா எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது. எல்லா அளவையும் இயந்திரம் ஒரு சிறு சீட்டில் அச்சடித்துத் தரும். அதை நோட்டில் ஒட்டிப் பக்கத்தில் எண்ணை எழுத வேண்டும். விதிமுறைத் தாளில் முதல் வரி: முழு முட்டையை மட்டும் எடுக்கவும். கீறல் விழுந்ததை எடுக்கக் கூடாது. காற்றுப் பட்டதும் உள்ளே மாறிவிடும், அளவு சரியாக வராது.

நான் அந்த விதியை நூற்றுக்கு நூறு பின்பற்றினேன்.

மூன்றே வாரத்தில் நான்காம் ஷெட்டில் நூறு கோழிக்குத் தொண்ணூற்றேழு முட்டை. மூன்றாம் ஷெட்டில் எண்பத்திரண்டு. மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு. இரும்புச் சத்து ஒன்றரை மடங்கு. அயரா மிச்சம், அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை. ஏப்ரல் முடிவதற்குள் சுற்று வட்டாரத்தில் இருபத்திரண்டு பண்ணைகள் அந்தத் தீவனத்துக்கு மாறின. சத்து முட்டை என்று லேபிள் ஒட்டி வெளியூருக்குப் போயிற்று.

நல்ல முட்டை லாரி ஏறும். கீறல் முட்டை ஊரில் நிற்கும். இது இங்கே எப்போதும் உள்ள வழக்கம். கீறல் விழுந்தது பயணம் தாங்காது. அதனால் பண்ணை ஆட்கள் ஆளுக்கு ஒரு தட்டு வீட்டுக்கு எடுத்துப் போவோம். மீதி பேக்கரிக்கும் ஆம்லெட் வண்டிக்கும் புரோட்டாக் கடைக்கும் போகும். பிறந்ததிலிருந்து நான் தின்ற முட்டையில் பாதிக்கு மேல் கீறல் முட்டைதான். அப்பாவும் அப்படித்தான். அம்மா மட்டும் இல்லை. நான் குழந்தையாக இருந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்ததற்காகப் பழனிக்கு வேண்டிக்கொண்டு கறி, முட்டை எல்லாவற்றையும் விட்டவர்.

நான்காம் ஷெட்டில் கீறல் அதிகம் விழுந்தது. அதனால் தட்டும் பெரிதாயிற்று. சந்தோஷமாக எடுத்து வந்தேன்.

மார்ச் மாதக் குறிப்புகள் சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"மார்ச் 9. வேலை முடிந்து, வகுப்பு முடிந்து, வீட்டுக்கு வந்து இரண்டு பாடம் படித்தேன். தூக்கம் வரவில்லை."

"மார்ச் 15. அப்பா கொச்சி போய் வந்து வண்டி கழுவி, அன்றே திரும்பவும் கிளம்பினார். இருபது வயது குறைந்த மாதிரி இருக்கிறது என்கிறார்."

"மார்ச் 22. வகுப்பில் நாற்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஜனவரியில் பதினைந்து பேர்தான், அதில் நான்கு பேர் தூங்குவார்கள். சார் என் நோட்டைப் பார்த்து முழு மதிப்பெண் போட்டார். அடித்தலே இல்லை. நான் முன்னேறிவிட்டேன்."

நான் முன்னேறிவிட்டேன் என்று என் கையெழுத்தில் இருப்பதைப் பார்க்க எனக்கே அந்நியமாக இருக்கிறது. அப்படி ஒரு வாக்கியத்தை எழுதக்கூடிய ஆள் இல்லை நான்.

சாருக்கும் அதே நினைப்புத்தான். அன்று வகுப்பு முடிந்தபோது, "பதினெட்டு வருசமா எடுக்கறேன். இந்த வருசந்தான் பாடம் எடுக்க வந்திருக்குதோ என்னமோ," என்று சிரித்தார். கையில் ஒரு முட்டை பப்ஸ்.

சோர்ந்திருந்த ஒரே ஆள் அம்மாதான். காலையில் இட்லிக் கடைக்கு மாவு ஆட்டிக் கொடுத்துவிட்டு, மதியம் பாத்திரம் கழுவும்போதே சுவரில் சாய்ந்து கண் மூடிவிடுவார். அப்பா கேலி செய்வார்.

"ஏன் சரசு, கெழவி ஆயிட்டயா? என்னையப் பாரு. சிங்கமாட்ட இருக்கறேன்."

"சிங்கம் பகல்ல தூங்குமுங்க," என்பார் அம்மா.

ஆலை வாசலில் இருந்த டீக்கடைக்காரர் மட்டும் அலுத்துக்கொண்டார். "பால் மிஞ்சுதுங் அம்மணி. நாலு மணியானா லாரிக்காரங்க ஈயாட்ட மொய்ப்பாங்க. இப்ப அலுப்பா இருக்குது, ஒரு டீ குடுன்னு கேட்டு ஒரு பய வரமாட்டீங்கறான். இந்த ஊருக்கு என்ன வந்துச்சு?"

அவர் கேட்டதைக் குறித்து வைத்திருக்கிறேன். விடை தேடவில்லை.

மே மாதக் கடைசியில் நான்காம் ஷெட்டில் முட்டை பொறுக்கும் செல்லாத்தாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுக்கப் போயிருக்கிறார். கால் அவர் கையிலேயே முறிந்துவிட்டது.

"பாரு அம்மணி. நான் இறுக்கிக்கூடப் புடிக்கல. எலும்பு அப்பளமாட்ட இருக்குது. ஆனா இது கத்தவே இல்ல. ஒடஞ்ச காலோட தீனி திங்குது பாரு."

தின்றுகொண்டுதான் இருந்தது. அதன் கூண்டின் கீழே சரிவில் ஒரு முட்டை உருண்டு கிடந்தது. ஓட்டில் முடி போன்ற கீறல்.

நான் நோட்டில் எழுதியது: "ஒரு கோழிக்குக் கால் முறிவு. உற்பத்தி 97. இயல்பு." இயல்பு என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேனோ தெரியவில்லை.

அதே வாரம் அப்பாவின் லாரியில் இடப்பக்கக் கண்ணாடி இல்லை. கம்பி மட்டும் வளைந்து நின்றது.

"எங்கப்பா இடிச்சீங்க?"

"இடிக்கலியே."

"கண்ணாடி இல்லையே."

அப்பா கீழே இறங்கி வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அட," என்றார். அவ்வளவுதான்.

இப்போது நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். ஜூன் 12 காலை. நான்காம் ஷெட்டிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் வழியில் தட்டு சாய்ந்து இரண்டு முட்டை கீழே விழுந்தன. இருபத்தெட்டுதான் மிச்சம். ஜனவரி மாத மேகலாவாக இருந்தால் அரை கிலோமீட்டர் திரும்ப நடந்து இன்னும் இரண்டு எடுத்து வந்திருப்பாள், நடந்தபடியே மற்ற இருபத்தெட்டும் சரிதானா என்று கவலைப்பட்டிருப்பாள். நான் அப்படிச் செய்யவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக வைத்திருந்த கீறல் முட்டையிலிருந்து இரண்டை எடுத்து எண்ணிக்கையை முப்பதாக்கினேன். விதிமுறைத் தாள் என் தலைக்கு மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபத்தெட்டு முட்டையில் அயரா அளவு மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று வந்தது. கடைசி இரண்டில் இருபத்தேழு, இருபத்தாறு.

இயந்திரக் கோளாறு என்று நினைத்து வீட்டுத் தட்டிலிருந்து இன்னும் பத்து எடுத்தேன். எல்லாம் அதே ரகம். நோட்டில் எழுதினேன்: "கீறல் முட்டையில் பதினான்கு மடங்கு." அடித்தல் இல்லாமல் எழுதினேன்.

குமரேசன் சாரிடம் கொண்டு போனேன். அவர் சீட்டுகளைப் பார்த்தார்.

"இது எந்த முட்ட?"

"கீறல் முட்டைங்க சார்."

"அது நம்ம ப்ராடக்டே இல்லையேம்மா. அத ஏன் டெஸ்ட் பண்ற?"

"ஏங்க சார் அதுல மட்டும் அவ்வளவு இருக்குது?"

அவர் யோசித்தார். அவர் நல்ல மனிதர், கேட்டால் பதில் சொல்லிவிடுவார். "எலும்பு தீந்து போன கோழி போடற முட்டதான் ஓடு மெலிஞ்சு கீறல் விழும். அந்தக் கோழிக்கு ஈரலும் பழுதாயிருக்கும். உள்ள போன அயராவ வெளிய தள்ள முடியாது. எல்லாம் மஞ்சக் கருவுல எறங்கிரும்."

"அயரா அலுப்ப எப்படிங்க சார் போக்குது?"

"போக்கறதில்லம்மா. யாரு அப்படிச் சொன்னா? அலுப்பு உடம்புல அப்படியேதான் இருக்கும். அலுப்பு வந்திருக்குதுன்னு மூளைக்குப் போற சேதிய மட்டும் நிறுத்தும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார். எனக்கு அப்போது பயம்கூட வரவில்லை. பயம் வர வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது. படித்த பாடத்தில் முக்கியமான வரி வருகிறபோது தெரியுமே, அந்த மாதிரி. அன்று மாலை அப்பா கிளம்ப வேண்டும். தொடர்ந்து மூன்றாவது நடை. இடையில் படுக்கவே இல்லை.

வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்குப் போனேன். மணி ஐந்து. லாரி வாசலில் நின்றது. முட்டை ஏற்றி, கயிறு கட்டி, தார்ப்பாய் போட்டாயிற்று. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னிக்குப் போக வேண்டாம்."

"ஏன், சகுனம் பாத்தயா?"

"முட்டையில மருந்து இருக்குதுப்பா. நாம திங்கற கீறல் முட்டையில. அதான் அலுப்பு தெரியல."

"தெரியலைன்னா நல்லதுதான அம்மணி. முப்பது வருசமா தெரிஞ்சுது. இப்பத்தான் நிம்மதியா ஓட்டறேன்."

"அலுப்பு போகலப்பா. தெரியல, அவ்வளவுதான். உங்க வண்டியில டீசல் முள்ளு ஃபுல்லுலயே ஒட்டிட்டு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"டேங்க்கத் தட்டிப் பாப்பேன்."

"அதத்தான் பாக்கணும். ஸ்கேலப் புடிங்க. ஜனவரியில புடிச்சீங்களே, அது மாதிரி."

அப்பா சிரித்தார். "பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டவா? லோடு நிக்குது கண்ணு."

"மூணு தடவ. புடிச்சுட்டீங்கன்னா கெளம்புங்க. நான் ஒன்னும் சொல்லல."

அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து நீட்டினார். நான் ஸ்கேலை அதற்கு நடுவே பிடித்தேன். விட்டேன்.

ஸ்கேல் தரையில் விழுந்தது. அது விழுந்த பிறகு அவர் விரல்கள் மூடின.

"சொல்லாம விட்டா?"

"சொல்லாமத்தான் விடணும்."

இரண்டாவது தடவை. தரையில். மூன்றாவது தடவை அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு பார்த்தார். நெற்றியில் நரம்பு தெரிந்தது. தரையில்.

"ஸ்கேல் வழுக்குது," என்றார். "உன்ற கையில எண்ண இருக்குது. குடு, நான் விடறேன், நீ புடி பாக்கலாம்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. கையை நீட்டியபோது, பத்தொன்பதில் பிடிப்பேன், இருபதுக்கு மேல் போகாது என்று நம்பிக்கையாக இருந்தேன். அப்பா விட்டார். நான் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. ஸ்கேல் என் செருப்பின் மேல் கிடந்தது.

திரும்பவும். திரும்பவும்.

அப்பா குனிந்து ஸ்கேலை எடுத்தார்.

"என்னங்க ரெண்டு பேரும் வெளையாடிட்டிருக்கறீங்க?" அம்மா எழுந்து வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார், பாதிதான் துடைத்தார். "நானும் அன்னிக்கே கேட்டேன். எனக்கு மட்டும் ஒருக்காலும் குடுக்கல. விடு பாக்கலாம்."

நான் விட்டேன். அம்மா ஈரக் கையால் பிடித்தார். இருபத்தொன்று. அடுத்தது இருபத்திரண்டு. மூன்றாவதில் பத்தொன்பது. நாள் முழுக்க நின்று, சுவரில் சாய்ந்து தூங்கி, சாயந்தரமாகிவிட்ட அம்மா.

"சுலபமாத்தான இருக்குது," என்றார்.

அப்பா லாரிக்குப் போனார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி இல்லாத அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து சாவியை அம்மா கையில் வைத்தார்.

"நீதான புடிச்ச. நீயே வெச்சுக்க."

அன்றைய லோடை வேறொரு டிரைவர் எடுத்துப் போனார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவர் என்ன தின்பார் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லிப் பார்த்தேன். "அட போம்மணி," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். அது நான் சொன்னது தப்பு என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆனால் ஊரில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம், ஓர் அடித்தல் இல்லை. குமரேசன் சார் முழுவதும் படித்தார்.

"மேகலா, இத டெஸ்ட் பண்ணின அன்னிக்கு நீ கீறல் முட்ட தின்னுட்டு இருந்தியா?"

"ஆமாங்க சார்."

"அப்ப யோசிச்சுப் பாரு. முட்ட தின்னா கையும் புத்தியும் கெடுதுன்னு எழுதியிருக்கற. அது நெசம்னா, கெட்டுப் போன புத்தியில நீ எடுத்த அளவு இது. நம்ப முடியாது. அளவு சரின்னா உனக்கு ஒன்னும் கெடல, முட்ட நல்ல முட்டதான். ரெண்டுல எதுன்னு சொல்லு."

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. மேஜை மேல் பாதி தின்ற முட்டை பப்ஸ் இருந்தது. அவர் கண்களைப் பார்த்தேன். அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

"எனக்கு மூணு வாரம் டைம் குடுங்க சார்," என்றேன்.

முட்டையை நிறுத்தினோம், நானும் அப்பாவும். முதல் நான்கு நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் பழைய நோட்டுகளை எடுத்து அம்மாவோடு உட்கார்ந்தேன். அந்த நான்கு மாதத்தில் நான் எழுதியதைச் சரிபார்க்க முட்டை தின்னாத ஓர் ஆள் வேண்டும். ஆய்வகத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அம்மா எட்டாம் வகுப்பு. ஒட்டியிருந்த சீட்டை அவர் வாசிப்பார், நான் எழுதிய எண்ணை நான் வாசிப்பேன்.

"மார்ச் பதினொன்னு. எடை அம்பத்தெட்டு."

"எண்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கறேன்."

"எங்க, காட்டு. அம்பத்தெட்டுதான் கண்ணு."

இப்படி முப்பத்தொரு இடம். ஒவ்வொன்றுக்கும் ஒற்றைக் கோடு போட்டு, அன்றைய தேதி எழுதி, கையெழுத்திட்டேன். கடைசியில் ஜூன் 12 வந்தது. அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார்.

"ஏங்கண்ணு, இருபத்தேழ மூணால வகுத்தா ஒம்பதுதான வரும்? பதினாலுன்னு போட்டிருக்கற."

பதினான்கு மடங்கு என்று நான்தான் எழுதினேன். குமரேசன் சாரிடமும் சொன்னேன். டீக்கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். மூன்றாம் வாய்ப்பாடு எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். சந்தேகம் என்பதும் ஒரு வகை அலுப்பு போலிருக்கிறது. நில், திரும்பப் பார் என்று உடம்பு அனுப்பும் சேதி. அதுவும் சேர்ந்து நின்று போயிருந்தது.

இதை அருள்தாஸ் சாரிடம் சொன்னேன். வகுப்பு தொடங்குவதற்கு முன்பு, வராண்டாவில். அவர் என் மார்ச் நோட்டில் தான் போட்ட முழு மதிப்பெண்ணைப் பார்த்தார்.

"அடித்தல் இல்லாத நோட்டப் பாத்தா பயமா இருக்கும்னு சொன்னவன் நானு," என்றார். "சந்தோசமா கையெழுத்துப் போட்டிருக்கறேன் பாரு." பேனாவை எடுத்து அந்த மதிப்பெண் மேல் ஒற்றைக் கோடு போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த நாப்பத்திரெண்டு பேரும் என்ற பாடத்துக்கு வரலையா?"



ஒன்பதாம் நாள் சாயந்தரம் நான்கு மணி. அப்பா வாசலில் உட்கார்ந்து வெறுமனே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதையோ சொல்ல வாய் திறந்த அப்பா, சொல்லாமல், வாயை இன்னும் அகலத் திறந்து, கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டார்.

அம்மா கீரையைக் கீழே வைத்தார். நான் எழுந்து நின்றேன். நாங்கள் பார்க்கும்போதே இன்னொன்று வந்தது. பிறகு எனக்கும் வந்தது. வாயை மூடக்கூட முடியவில்லை.

"வந்துருச்சுங்களா?" என்றார் அம்மா.

"வருது, வருது," என்றார் அப்பா. அப்படியே பாயில் சரிந்தார். இருபத்தொரு மணி நேரம் தூங்கினார். நடுவில் இரண்டு முறை மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். எழுந்தபோது அவரால் உடனே நிற்க முடியவில்லை. முட்டி வீங்கியிருந்தது. இடுப்பில் எப்போதோ அடிபட்ட தழும்பு, அதுவும் நினைவில் இல்லை. நான்கு மாத அலுப்பு மொத்தமாக வந்து நின்றது. டாக்டர் லாரி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். இப்போதைக்கு என்று சொன்னார். அப்பாவுக்கும் எனக்கும் அந்த இப்போதைக்கு எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஜூலை 1 முதல் 3 வரை நான் திரும்பவும் சோதனை செய்தேன். அறுபது கீறல் முட்டை, அறுபது முழு முட்டை. முன்பு ஒரே நாளில் முடித்திருப்பேன். மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் நாள் உட்கார்ந்தபடியே தூங்கி, எழுந்து, தூங்குவதற்கு முன்பு செய்த பத்தை மட்டும் திரும்பச் செய்தேன். முடிவு: ஒன்பது மடங்கு. எட்டரை முதல் ஒன்பதரை வரை. ஸ்கேலை அன்று காலையே பிடித்துப் பார்த்தேன்: 24, 22, 23. ஜனவரி அளவுக்கு இன்னும் வரவில்லை. அதையும் அறிக்கையில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். நாளை காலை கொடுக்க வேண்டும்.

சற்று முன்பு அப்பா கேட்டார். பாயில் படுத்தபடிதான். இப்போதெல்லாம் பேச்சு முழுவதும் படுத்தபடிதான்.

"இதக் குடுத்தா தீவனத்த நிறுத்திருவாங்களா?"

"தெரியலப்பா. நிறுத்தணும்."

"நிறுத்தினா இருபத்திரெண்டு பண்ணைக் கோழியும் ஒரே நாள்ல உக்காந்துக்கும். டிரைவரு, மில்லுக்காரங்க, பேக்கரிக்காரன், உன்ற வாத்தியாரு, அத்தன பேரும் படுத்துருவாங்க. எல்லாத்துக்கும் என்னையாட்ட முட்டி வீங்கும். ஊரே உன்னையத்தான் திட்டும்."

"திட்டட்டும்பா. திட்டறதுக்கும் தெம்பு வேணுமில்ல."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அது கொட்டாவியாக மாறி, அப்படியே தூங்கிப் போனார். சாவி அம்மாவின் மஞ்சள் டப்பாவில் இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. போனால் தூங்கிவிடுவேன். அறிக்கையோடு இதையும் சேர்த்துச் சாரிடம் ஒரு பிரதி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சுத்தமாக வேறு தாளில் எழுதித் தரலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இப்படியே கொடுக்கிறேன். மொத்தம் நாற்பத்தாறு அடித்தல்கள் இருக்கின்றன.

திரும்ப எண்ணினேன். நாற்பத்தேழு.